இசைத்தட்டின் அட்டையில் அக்கா

1

2009ஆம் ஆண்டு, குளிர் விடாத ஒரு சனிக்கிழமை. என் மகள் கயல் நூலகத்திலிருந்து ஒரு இசைத்தட்டை, சிடி ஒன்றை, எடுத்துவந்து சமையலறை மேஜைமேல் வைத்தாள். லியோன் நகரில் நாங்கள் இருக்கும் பகுதியில், நூலகத்தில் புத்தகம் போலவே இசைத்தட்டும் இரவல் தருவார்கள். கயலுக்கு அப்போது பதினான்கு வயது. கிளாரினெட் கற்றுக்கொண்டிருந்தாள். அவள் ஆசிரியர் கேட்கச் சொன்ன தட்டு அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸில் ஆடப்பட்ட ஒரு பாலே நடனத்துக்கான இசை. பெரிய வாத்தியக்குழு ஒன்று புதிதாகப் பதிவு செய்திருந்தது.

எனக்கு அந்த இசை பற்றி ஒன்றும் தெரியாது. நான் பேருந்துப் பணிமனையில் பிரேக் பார்க்கிறவன். வெங்காயம் நறுக்கிக்கொண்டே அட்டையைப் பார்த்தேன். கறுப்பு வெள்ளைப் படம். சாம்பல் நிறக் கடல். அதற்கு முன்னால் புடவை கட்டிய ஒரு பெண், முக்கால்வாசி முதுகைக் காட்டியபடி. ஒரு கால் மணலைவிட்டு எழும்பியிருக்கிறது. இரண்டு கையும் தலைக்குமேல். முந்தானை காற்றில் சுழன்று பக்கவாட்டில் நிற்கிறது. யார் பார்த்தாலும் ஆடுகிறாள் என்றுதான் சொல்வார்கள்.

வலது கை நேராக நீண்டிருந்தது. இடது கை நீளவில்லை. முழங்கையில் மடங்கி, பாதியில் நின்றுவிட்டது.

என் அக்கா பாக்கியத்துக்கு இடது முழங்கை நீளாது. சின்ன வயதில் மீன் ஏலம் போடும் கொட்டகைப் படியில் விழுந்து எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. ஜடை பின்னும்போதும், கொடியில் துணி போடும்போதும், அந்தக் கை பாதியில்தான் நிற்கும்.

“இது என்ன கதைக்கு இசை?” என்று கயலிடம் கேட்டேன்.

“ஒரு ஊரு பா. அந்த ஊரு நல்லா இருக்கணும்னு ஒரு பொண்ண எடுக்கறாங்க. எல்லாரும் சுத்தி நிக்கறாங்க. அவ ஆடணும். செத்துப் போற வரைக்கும் ஆடணும்.”

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

2

ஊரில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

2004 டிசம்பரில் அலை வந்தபோது அக்காவும் ராசு மாமாவும் கடலூர்க் கரையோரத்தில் இருந்தார்கள். ராசு மாமா அக்காவின் கணவர். சொந்தப் படகு வைத்துத் தொழில் செய்தவர். அவர்களுக்கு ஒரே பையன், முகிலன். விடுமுறை ஞாயிறு என்பதால் கரையில் பந்து விளையாடிக்கொண்டிருந்தான். மதியத்துக்குள் அவனைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கண்டுபிடித்தார்கள் என்றால், அடக்கம் செய்ய முடிந்தது என்று அர்த்தம்.

நான் விடுப்பு வாங்கிப் போய்ச் சேர பிப்ரவரி ஆகிவிட்டது. அக்கா யாரோடும் பேசவில்லை. மாமாதான் பேசினார். கரையைப் பார்க்க வந்த வெளிநாட்டுத் தொண்டர்களை ஒரு வாடகை வேனில் குப்பம் குப்பமாக அழைத்துக்கொண்டு போனார். “திஸ் சைட் சார், ஒன் மினிட் சார்” என்று அவருக்குத் தெரிந்த இங்கிலீஷை வைத்துச் சமாளித்தார். அந்த வருஷ நடுவில் படகைக் கொடுத்துவிட்டு அக்காவோடு சிதம்பரத்துக்குக் குடிபோனார். ரயில்வே கேட் தாண்டி ஒரு வாடகை வீடு. பிறகு ஆட்டோ வாங்கி ஓட்ட ஆரம்பித்தார்.

சிதம்பரம் போன அன்று அக்காவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். இனி நம் குடும்பத்தில் யாரும் அந்த மணலில் கால் வைக்கக் கூடாது. கடலைப் பார்க்கவும் கூடாது. அவரும் அப்படியே இருந்தார். கிள்ளை, பிச்சாவரம் என்று கடல் பக்கம் சவாரி என்றால் வேறு வண்டிக்குக் கை காட்டிவிடுவார்.

அதனால்தான் அந்தப் படம் என்னை உறுத்தியது. சத்தியத்துக்குப் பிறகு அக்கா கடல் பக்கமே போகவில்லை. அப்படியானால் படம் அதற்கு முந்தியது. அதற்கு முந்திய நாட்களில் அக்கா கரையில் கை இரண்டையும் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தால், அது எதற்காக இருக்கும்? ஒரே ஒரு நாள்தான் என் மனதில் வந்தது.

அவள் பிள்ளையைத் தேடி ஓடியதை எவனோ படம் பிடித்து, ஆட்டம் என்று விற்றிருக்கிறான்.

3

இசைத்தட்டை வெளியிட்ட நிறுவனம் பாரிஸில் இருந்தது. தொலைபேசியில் ஒரு இளம்பெண் எடுத்தாள். இந்த நாட்டுக்கு வந்து எத்தனையோ வருஷமாகியும் என் ஃபிரெஞ்சு பணிமனை ஃபிரெஞ்சுதான். கோபம் வந்தால் அதுவும் போய்விடும்.

அட்டையில் இருப்பது என் ‘ஸேர்’ என்றேன். ‘ஸேர்’ என்றால் சகோதரி. இந்தியாவில் இருக்கிறாள், கடலோரம், அலை, நிறையப் பேர் செத்துப்போனார்கள் என்று துண்டு துண்டாகச் சொன்னேன். அந்தப் பெண் மிகவும் மரியாதையாக, “எந்த மடத்தைச் சேர்ந்தவர்கள்?” என்று கேட்டாள். இங்கே கன்னியாஸ்திரீயையும் ‘ஸேர்’ என்றுதான் சொல்வார்கள். நான் மடம் இல்லை, கல்யாணம் ஆனவள், பிள்ளை பெற்றவள் என்று கத்தினேன். 

என் மனைவி மரியா வந்து ரிசீவரைப் பிடுங்கினாள். அவள் புதுச்சேரிக்காரி. அவள் தாத்தா காலத்திலிருந்தே அவர்கள் வீட்டில் ஃபிரெஞ்சுக் குடியுரிமை. அவளால்தான் நான் இங்கே வந்தேன். அவள் பேசியதும் அந்தப் பெண்ணின் குரல் மாறிவிட்டது. எழுதி அனுப்புங்கள் என்றாள்.

எழுதினோம். பதில் வர வெகுநாள் ஆயிற்று. மரியா அதை எனக்கு வாசித்துச் சொன்னாள். படம் ஒரு படநிறுவனத்திடம் முறையாக வாங்கப்பட்டது. படத்தின் தலைப்பு ‘கடலோரத்தில் ஒரு பெண், தென்னிந்தியா’. படமெடுத்தவர் ஒரு மொழிபெயர்ப்பாளர் மூலம் வாய்மொழியாகச் சம்மதம் பெற்றிருக்கிறார். மேலும் படத்தில் முகம் தெரியாததால், அவரை அடையாளம் காணத்தக்க நபராகக் கருத இயலாது.

“முழங்கை?” என்றேன்.

“முழங்கைக்கெல்லாம் சட்டம் இல்லையாம்” என்றாள் மரியா.

கூடவே அன்பளிப்பாக ஒரு புது இசைத்தட்டு வைத்திருந்தார்கள். அதைப் பிரிக்காமல் அலமாரியில் போட்டேன். ஆனால் மொழிபெயர்ப்பாளர் என்ற சொல்லை அப்படித் தூக்கிப்போட முடியவில்லை. தமிழிலிருந்து வெள்ளைக்காரனுக்குச் சொல்லத் தெரிந்த ஒருவர், அக்காவின் சார்பில் சரி என்று தலையாட்டக்கூடிய ஒருவர், அந்த நாட்களில் வெளிநாட்டுக்காரர்களோடு திரிந்த ஒருவர். எனக்குத் தெரிந்து ஒரே ஆள்தான். அந்த ஆட்டோ எப்படி வந்தது என்றுகூட யோசித்தேன். யோசித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

4

சிதம்பரத்துக்குப் போன் செய்தேன். மாமாதான் எடுத்தார். மழை, கயலின் படிப்பு என்று சுற்றிவந்து கேட்டேன்.

“மாமா, அப்ப வெள்ளக்காரங்கள வேன்ல கூட்டிக்கினு போனீங்கல்ல, அதுல போட்டோ எடுக்கறவங்க இருந்தாங்களா?”

“எல்லார் கையிலயுந்தான் கேமரா இருந்திச்சி. ஏன் மச்சான்?”

“அக்காவ யாராச்சும் எடுத்தாங்களா?”

 பின்னால் பேருந்து ஹாரன் அடித்தது.

“என்னா விசயம்னு நேரா சொல்லு.”

சொன்னேன். அட்டை, கடல், தூக்கிய கை, எல்லாம். மொழிபெயர்ப்பாளர் என்பதையும் சொன்னேன். அந்தச் சொல்லை நான் எப்படிச் சொன்னேனோ, அவருக்குப் புரிந்துவிட்டது.

“கேமராவ தூக்கிக்கினு வந்தது நீதான மச்சான்? இடிஞ்ச வூட்ட எடுத்த. கடல எடுத்த. அவ குந்திக்கினு இருந்ததக்கூட எடுத்த. நீ இருக்கற நாட்லயே அட்டையில வருது. என்னயப் போயி கேக்கறியே?”

வைத்துவிட்டார்.

அன்று மாலை என் பழைய படங்களையெல்லாம் கணினியில் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அப்படி ஒரு படம் நான் எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தேடினேன். யாருக்காவது மின்னஞ்சலில் அனுப்பியிருப்பேனோ, பணிமனையில் யாரிடமாவது காட்டியிருப்பேனோ என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

“உங்க மேல உங்களுக்கே சந்தேகமா?” என்றாள் மரியா.

அதற்குப் பிறகு அக்கா போனுக்கு வருவது நின்றுபோயிற்று. கடைக்குப் போயிருக்கா, குளிக்கறா, தூங்கறா என்று மாமா ஏதாவது சொல்வார். அவர் மறைக்கிறார் என்று நான் நினைத்தேன். நான் அவளை ஏதோ கேட்டு நோகடிக்கப்போகிறேன் என்று அவர் நினைத்திருக்கலாம். ஒரு வருஷம் அப்படிப் போனது. கயல் அந்த இசையை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்பாள். ஆரம்பத்தில் ஒற்றைக் குழல் ஒன்று உச்சத்தில் தயங்கித் தயங்கி வரும். பிறகு மொத்த வாத்தியமும் சேர்ந்து காலால் உதைப்பது போல இடிக்கும். கதவுக்கு வெளியே நின்று கேட்கும்போது எனக்கு அது கொண்டாட்டமா, மிரட்டலா என்று பிடிபடாது. “இதை நிறுத்தேன்” என்று ஒருமுறை சொன்னேன். அவள் ஃபிரெஞ்சில் ஏதோ முணுமுணுத்தாள். எனக்குப் புரியக்கூடாது என்பதற்காகவே வேகமாகச் சொன்னாள்.

5

2010 கோடையில் நானும் கயலும் மட்டும் ஊருக்குப் போனோம். மரியாவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. என் மகள் என் ஊருக்கு வர விசா வாங்க வேண்டும். நோக்கம் என்ற இடத்தில் ‘சுற்றுலா’ என்று அவளே எழுதிவிட்டாள். ‘உறவினர்’ என்று மாற்றச் சொன்னேன். “எனக்கு அவங்கள தெரியாதே பா” என்றாள். கடைசியில் சுற்றுலா என்றே இருந்தது.

சென்னையிலிருந்து கடலூர் வழியாகத்தான் கார் போனது. கரைப் பக்கம் திருப்பச் சொல்லவில்லை. பெட்டியின் அடியில், சட்டைகளுக்கு நடுவே, அந்த அன்பளிப்பு இசைத்தட்டு இருந்தது.

சிதம்பரத்தில் அக்கா வாசலுக்கு ஓடிவந்து கயலைக் கட்டிக்கொண்டாள். மாமா ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டு, “வா மச்சான்” என்றார். அவ்வளவுதான். சாப்பாடு போட்டார்கள். யாரும் எதுவும் பேசவில்லை. இந்த அமைதி கயலுக்குத் தாங்கவில்லை போலிருக்கிறது. பேச்சுக் கொடுக்க நினைத்து, தனக்குத் தெரிந்த தமிழில், “அத்தைக்குக் கடலை பிடிக்காதா?” என்று கேட்டாள். கடல் பிடிக்காதா என்பதைத்தான் அப்படிக் கேட்டாள். எனக்கு மட்டும் அது புரிந்து தூக்கிவாரிப்போட்டது.

“ஏன் புடிக்காது? வேணுமா கண்ணு?” என்ற மாமா, எழுந்து போய்த் தெருமுனைக் கடையிலிருந்து ஒரு பொட்டலம் வறுத்த வேர்க்கடலை வாங்கிவந்து அவள் கையில் கொடுத்தார். கயல் திருதிருவென்று விழித்தாள். அக்கா சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். மாமா மட்டும் சிரிக்காமல் என்னையே பார்த்தார்.

“எடு மச்சான். அதுக்குத்தான வந்த. எம் முன்னாடியே எடு.”

அக்காவிடம் தனியாகக் காட்டலாம் என்று நினைத்திருந்தேன். வேறு வழி இல்லை. எடுத்து அக்கா கையில் கொடுத்தேன்.

அவள் வெளிச்சத்துக்காக வாசல் பக்கம் திரும்பிப் பிடித்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். நான் எதற்கும் தயாராக அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

“நான்தான்” என்றாள். பிறகு, “காக்காவக் காணோமே?” என்றாள்.

“என்ன காக்கா?”

“இங்கெல்லாம் காக்கா இருந்திச்சிடா. கீழ கருவாடு காயப் போட்டிருந்திச்சி. எல்லாத்தயும் எடுத்துட்டானுங்களா?”

மாமா வாங்கிப் பார்த்தார்.  “எப்ப இது? அன்னைக்கா?”

“அன்னைக்கு இல்ல.”

“பின்ன?”

அக்கா தரையைப் பார்த்தபடியே சொன்னாள். “வருசம் திரும்பி கொஞ்ச நாளு இருக்கும். தை மாசம்.”

தை மாதம் என்றால் 2006. அவர்கள் சிதம்பரம் வந்து அரை வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டிருந்தது. மாமா என்னைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்தார்.

“மாசாமாசம் முழங்கைக்கு மாத்திர வாங்கறன்னு கடலூரு பெரியாஸ்பத்திரிக்குப் போவியே...”

“கரைக்குத்தான் போவேன்.”

“அப்ப மாத்திர?”

“இங்கயே மெடிக்கல்ல வாங்கிப்பேன்.”

 நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள்.

“எம் புள்ளைய வுட்ட எடத்துக்குப் போவாம நான் எங்க போவேன்? ஒங்களுக்குப் பாக்க முடியல. எனக்குப் பாக்காம இருக்க முடியல. போவேன், கொஞ்ச நேரம் நிப்பேன், வந்துடுவேன். அன்னைக்கு நம்ம பழைய பக்கத்து வூட்டு மங்கை, டீ குடிச்சிட்டு வர்றேன், கருவாட்டப் பாத்துக்கன்னுட்டுப் போனா. காக்கா கூட்டமா எறங்கிடிச்சி. ஓடுனேன். கையத் தூக்கிக்கினு கத்திக்கினே ஓடுனேன். அப்புறம் ஒரு வெள்ளக்காரப் பொண்ணு வந்திச்சி. கூட காலேஜி பொண்ணு ஒண்ணு. படம் எடுத்தேன், வச்சிக்கட்டுமான்னு கேட்டாங்க. வச்சிக்கம்மான்னேன்.”

அவ்வளவுதான் விஷயம். ஒன்றரை வருஷமாக நான் கட்டி வைத்திருந்தது அத்தனையும் ஒரு காக்காய்க் கூட்டத்தில் வந்து நின்றது. எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அக்கா இன்னும் முடிக்கவில்லை.

“சொல்லியிருக்கலாமே பாக்கியம்” என்றார் மாமா. குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“எப்படிச் சொல்லுவேன்? அந்தக் காக்கா வெரட்டுன நேரத்துல அவன் நெனப்பே எனக்கு வரல. அந்த மண்ணுல ஓடுறேன், எம் புள்ள நெனப்பு இல்ல. காக்கா போனப்புறந்தான் வந்திச்சி. பெத்தவளான்னு என்ன நானே கேட்டுக்கினேன். அத வந்து ஒங்ககிட்ட எப்படிச் சொல்லுவேன்?”

மாமா இசைத்தட்டைக் கவனமாக மேஜைமேல் வைத்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது.

6

அந்த நிறுவனத்துக்கு அதற்குப் பிறகு நான் எழுதவில்லை. அட்டை இன்றும் அப்படியேதான் இருக்கிறது. கடைகளில் பார்க்கிறேன். வாங்குகிறவர்கள் ஆடும் பெண் என்று நினைத்து வாங்குவார்கள். கருவாட்டையும் காக்கையையும் படத்திலிருந்து நீக்கியது யார் என்ற சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை. படமெடுத்த பெண்ணா, படநிறுவனமா, அட்டை செய்தவரா? அக்காவிடம் கேட்டபோது, “இருந்துட்டுப் போவுது” என்றாள். அவளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அன்று அவள் கவலையெல்லாம் மாமா எந்தப் பக்கம் வண்டியைத் திருப்பினார் என்பதில் இருந்தது.

மாமா போனதும் நான் ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கீழவீதியில் இல்லை. ரயில்வே ஸ்டேஷன் வாசலிலும் இல்லை. திரும்பி வந்தபோது அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கண்கள் சிவந்திருந்தன. கயல் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, இலையைவிடக் காம்பை அதிகமாகச் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

“இதுக்குள்ள என்னா இருக்கு? பாட்டா?” என்று அக்கா இசைத்தட்டைக் காட்டிக் கேட்டாள்.

கயல் அதை டிவிடி பிளேயரில் போட்டாள். அந்தக் குழல் தயங்கித் தயங்கி வந்தது.

“யாரும் பாட மாட்டாங்களா?”

“இல்ல அத்தை. டான்ஸ் மட்டும்.”

இடி மாதிரி அந்தப் பகுதி வந்ததும் அக்கா நிமிர்ந்தாள். “மேளம் தப்புத் தப்பா வுழுதே?”

“தப்பு இல்ல அத்தை. அப்படித்தான் எழுதியிருக்கு.” பிறகு நான் கண்ணைக் காட்டியும் கேட்காமல், கதையையும் சொன்னாள். ஊர், சுற்றி நிற்கிறவர்கள், ஆடி ஆடிச் சாகும் பெண்.

அக்கா கீரையைக் கீழே வைத்தாள். “எதுக்கு அவள ஆடவுடணும்? சுத்தி நிக்கறதுல ஒருத்தன் போயி அவ கையப் புடிச்சி நிறுத்தக் கூடாதா?”

 இத்தனை நாளில் ஆசிரியர் அதைக் கேட்கவில்லை என்று கயல் பிறகு என்னிடம் சொன்னாள். அத்தை நல்ல கேள்வி கேட்கிறாள் என்று, அன்றிலிருந்து அவளுக்கு அத்தைமேல் ஒரு பிடிப்பு வந்துவிட்டது. இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை அவளே போன் செய்கிறாள். நான் பேசக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

வெயில் இறங்கும் நேரத்தில் ஆட்டோ வந்தது. தட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மாமா உள்ளே வராமல் வாசற்படியிலேயே, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். எங்கே போயிருந்தார் என்று யாரும் கேட்கவில்லை. அவர் செருப்பை நான் பார்த்தேன். மணல் இல்லை. அக்காவும் அதைத்தான் பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

கயல் எழுந்து ஒலியைக் குறைத்தாள்.

“பாக்கியம்” என்றார் மாமா, திரும்பாமலே.

“ம்.”

“அன்னைக்குக் கடலு எப்படி இருந்திச்சி?”

அக்கா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, போய் அவர் பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள்.

“வாடக்காத்து. ஆனா ஜாஸ்தி இல்ல. தண்ணி கொஞ்சம் கலங்கலா இருந்திச்சி.”

“அப்ப வலையில நெத்திலி பட்டிருக்கும்.”

“பட்டுச்சி” என்றாள் அக்கா. “மங்கை காய வச்சிருந்ததே அதுதான்.”